ஐந்தாவது ஆள்

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
எண்ணூர் ரயில்வே கேட் தாண்டி
ஷேர் ஆட்டோ எங்களைக் கொட்டிவிட்டுப் போனது.
கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன்
எல்லோருக்கும் ஒரே அளவு.
எத்திராஜுக்குத் தொடைவரை தொங்கியது.
ஜரீனா முழுக்கை சட்டைக்கு மேல் மாட்டியிருந்தாள்.
எனக்கு,
இரண்டாவது பிரசவத்துக்கு முந்தைய உடம்புக்குத்
தைத்தது போலிருந்தது.

யார்டு எடைமேடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான்.
லாரி ஏறும், எண் வரும்,
காலி வண்டியைக் கழித்தால் சரக்கு.
ஓடுகிற வேலை ஒருநாளும் இருந்ததில்லை.
பில்லிங் பெண் மசக்கையில் விலகிக்கொள்ள
அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார்கள்.

"அஞ்சு பேர் ஓடணும், நாலு பேருதான் கணக்கு.
எத்தனையாவதா வந்தோமோ அதைக் கூட்டுவாங்க.
கூட்டல் கம்மின்னா ஜெயிப்பு" என்றாள் ஜரீனா.
அக்கவுண்ட்ஸ்காரி.
கணக்கில் வராத அந்த ஒருவர் யாரென்று
யாரும் கேட்கவில்லை.
நான் ஷூ லேஸை மூன்றாம் முறை கட்டினேன்.

விசில்.

முதலில் சவுக்குத் தோப்பு.
இருபது கம்பெனி, இருநூறு கால்,
உதிர்ந்த ஊசிகளின் மேல் சத்தமே இல்லை.
சாலமோன் போய்விட்டான்.
எத்திராஜ், டூட்டி பூட்ஸோடு, அவரும் போய்விட்டார்.

அப்புறம் சாம்பல்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து காய்ந்து
மாவு சலித்த தரை மாதிரி.
முன்னால் ஓடிய சட்டைகள்
மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் ஒரே நிறமாகி
எவர் எந்த டீம் என்று தெரியவில்லை.
புகைபோக்கிகள் வலப்பக்கம் நின்றன.
எவ்வளவு ஓடியும் அவை நகரவில்லை.
பக்கத்தில் யாரோ விசும்புகிறார்கள் என்று திரும்பினால்
அது நான்.

கழிமுகச் சேற்றின் நடுவே
வேண்டுமென்றே கொடி நட்டிருந்தார்கள்.
படகில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"யாரும்மா துரத்துறது?"
நல்ல கேள்வி. பதிலுக்கு மூச்சில்லை.
இடது ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது.
முழங்கைவரை விட்டுத் துழாவினேன்,
ஒரு மட்டி ஓடு வந்தது.
போகட்டும்.

அங்கேதான் டில்லிபாபுவைப் பார்த்தேன்.
ஃபோர்க்லிஃப்ட் டில்லிபாபு.
தினமும் என் ஜன்னலைத் தட்டி
"இருபது கிலோ எங்கக்கா போச்சு?" என்று கத்துகிறவன்.
இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தான்,
வாந்தி எடுத்த முகம்.
நான் கடந்தபோது
"போக்கா" என்றான்.
அதே அக்காதான்.
எடை வேறு.

எழுபத்தொன்றாவதாக வந்தேன்,
ஒரு காலில் ஷூ, ஒரு காலில் எண்ணூர்.
எழுபத்தெட்டாவதாக அவன்.
தண்ணீர் டேங்கர் நிழலில் மல்லாந்து
"வேஸ்ட்டுக்கா நானு" என்றான் வானத்திடம்.

ஜரீனா கேட்பாஸின் பின்பக்கம் பென்சிலால் கூட்டினாள்.
ஒன்பது, இருபத்திரண்டு, ஐம்பத்து நான்கு, எழுபத்தொன்று.
நூற்று ஐம்பத்தாறு.
மணலி டேங்கர்காரர்கள் நூற்று ஐம்பத்தேழு.
பென்சில் நின்றது.
"டேய் டில்லி, அவங்க நாலாவது ஆளு எண்பது.
நீ முன்னாடி வரலைன்னா எழுபத்தொம்போது.
ரெண்டு டீமும் சமமாயிருக்கும்."
"அப்ப நான் என்ன பண்ணேன்?"
"நடுவுல வந்த."
அவன் கண்ணைத் திறக்காமலே
சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தான்.
நாங்கள் ஒன்பதாவது.
ஒன்பதாவதுக்கு ஒன்றும் தரமாட்டார்கள்,
வாழைப்பழம் எல்லோருக்கும் உண்டு.

திங்கள்கிழமை ஒன்பதரை. ஜன்னலில் தட்டல்.
"இருபது கிலோ எங்கக்கா போச்சு?"
மெஷினைக் கேள் என்பேன் வழக்கமாக.
"சேத்துல தேடு" என்றேன்.
குனிந்து, மேஜைக்கடியில்
என் இடது காலைப் பார்த்தான்.
அவனுக்குப் பின்னால்
நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன.